தொழுவத்திலிருந்து சவானா வரை

2021 ஜூன் 3ஆம் தேதி, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 26 அன்றுதான், லயன் சஃபாரிப் பகுதியில் இருந்த சில சிங்கங்கள் தீனியை மிச்சம் வைப்பதையும் அவ்வப்போது இருமுவதையும் ஊழியர்கள் கவனித்திருந்தார்கள். மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போயின. பதினோரு சிங்கங்களில் ஒன்பதுக்குக் கொரோனா. ஜூன் 16 அன்று ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. கிருமியின் மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தார்கள். அந்தக் கோடையில் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் மனிதர்களை மூச்சுத் திணற வைத்த அதே டெல்டா வகைதான் சிங்கங்களின் உடலிலும் இருந்தது.

ஊரடங்கால் பூங்கா அப்போது மூடிக் கிடந்தது. பார்வையாளர் இல்லை, சஃபாரி வண்டி ஓடவில்லை. வேலியும் அகழியும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் கிருமி உள்ளே போய்விட்டது. யார் வழியாகப் போனது என்று ஆள் தேடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஊர் முழுக்கப் பரவிய ஒன்று அந்த ஊருக்குள்ளேயே இருக்கும் பூங்காவுக்கும் பரவியது, அவ்வளவுதான். கொரோனா கிருமி உயிரணுவுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. மனிதரின் ஏசிஇ2 புரதமும் பூனைக் குடும்பத்தின் ஏசிஇ2 புரதமும் பெரிதும் ஒத்தவை. அதனால்தான் 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் ஒரு புலிக்குத் தொற்றியது. 2021 மே மாதம் ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் எட்டு சிங்கங்களுக்குத் தொற்றியது. நீலா இறந்த சில நாட்களில் முதுமலை தெப்பக்காடு முகாமின் 28 யானைகளுக்கும் பரிசோதனை நடந்தது. நல்லவேளையாக எதற்கும் தொற்று இல்லை.

சஃபாரி என்றதும் நம் மனம் வேலியைத்தான் நினைக்கிறது. விலங்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். வண்டலூரில் கம்பி வலை போட்ட வண்டி, ஆப்பிரிக்காவின் மாசாய் மாராவில் மேல்மூடி திறந்த ஜீப். வசதியில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்றாலும் எண்ணம் ஒன்றே: காட்டு விலங்கின் உலகம் தனி, அதை எட்டி நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம். கடந்த நூற்று முப்பது ஆண்டுகளின் விலங்கு நோய் வரலாறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் எந்த விலங்கு எத்தனை இருக்கும் என்பதை மாட்டுத் தொழுவமும் தெருநாயும் தீர்மானித்திருக்கின்றன. அந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு, அதுவும் வண்டலூர் வழியாகத் தெற்கே போகும் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஊர்களுக்கே.

1887இல் எரித்திரியாவின் மசாவா துறைமுகத்தில் இத்தாலியப் படைக்காக மாடுகளை இறக்கினார்கள். அவை இந்தியாவிலிருந்து வந்தவை என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கியது. நம் ஊர் மாடு வளர்ப்பவர்களில் வயதானவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். காய்ச்சல் கொதிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள் புண் பரவி மாடு தீனி எடுக்காது. அடுத்து நிற்காத கழிச்சல். பெரும்பாலான மாடுகள் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் செத்துவிடும். ஆசியாவின் மாடுகள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கிருமியோடு மோதி ஓரளவு தாக்குப்பிடிக்கப் பழகியிருந்தன. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் கால்நடைகளுக்கோ அது முற்றிலும் புதியது. பத்து ஆண்டுகளில் கிருமி கண்டத்தின் தென்முனைவரை போய்விட்டது. போன வழியில் பத்து மாடுகளில் எட்டு, ஒன்பது விழுந்தன. எத்தியோப்பியாவில் உழவு மாடுகள் இல்லாமல் நிலம் தரிசானது. 1888 முதல் 1892 வரையிலான பஞ்சத்தில் அந்த நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்திருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மாட்டையே வாழ்வாகக் கொண்ட மாசாய் மக்கள் தங்கள் மந்தைகளைப் பறிகொடுத்துச் சிதறினார்கள்.

மாடுகளோடு அது நிற்கவில்லை. ஆப்பிரிக்க எருமை, குடு மான், ஒட்டகச்சிவிங்கி, எருதின் தலையும் மானின் காலும் கொண்ட வைல்டுபீஸ்ட் எல்லாம் மடிந்தன. மேய்ச்சல் ஒழிந்த இடங்களில் புதர் மண்டியது. புதரோடு தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயும் பெருகியது. எஞ்சிய மக்களும் அங்கிருந்து விலகினார்கள். இதற்குப் பிறகு வந்த ஐரோப்பியர்கள் கண்டது ஆளில்லாத பெரும் நிலம். அதையே ஆதியிலிருந்து மனிதக் கால் படாத காடு என்று எடுத்துக்கொண்டு வேட்டைக் காப்பகங்களுக்கும், பின்னர் தேசியப் பூங்காக்களுக்கும் கோடு கிழித்தார்கள். 1951இல் செரங்கெட்டி தேசியப் பூங்கா உருவானது. 1959இல் அங்கே வாழ்ந்த மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்று சொகுசு சஃபாரி விளம்பரங்களில் வரும் புகைப்படத்தைப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் புல், ஒற்றைக் குடைவேல மரம், ஒரு மனிதரும் இல்லை. அந்த வெறுமையின் ஒரு பகுதி கால்நடைக் கொள்ளைநோய் விட்டுச் சென்றது. மீதி அரசாணை செய்தது. இதைச் சொல்லாமல் அந்தப் படத்தை விற்பது அங்கே வாழ்ந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வுகளில் ஒன்று. 1950களில் செரங்கெட்டியின் வைல்டுபீஸ்ட் கன்றுகள் ஆண்டுதோறும் வெக்கை நோயில் செத்துக்கொண்டிருந்தன. பால் மறந்து, தாய் தந்த எதிர்ப்புச் சக்தி தீரும் வயதில் கூட்டம் கூட்டமாக விழும். காட்டு விலங்குகளே கிருமியைச் சேமித்து வைத்து மாடுகளுக்குத் தருகின்றன என்ற சந்தேகம் பரவலாக இருந்தது. வேட்டையாடி ஒழித்தால் நோய் தீரும் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் பூங்காவைச் சுற்றியிருந்த ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதும் நிலைமை மாறியது. 1963 வாக்கில் வைல்டுபீஸ்டுகளிடமிருந்தே நோய் மறைந்தது. ஒரு வைல்டுபீஸ்டுக்கும் யாரும் ஊசி போடவில்லை. கிருமியின் வீடு காடு அன்று, தொழுவம்தான் என்பது அப்போது நிரூபணமானது.

ஏன் இப்படி? வெக்கைக் கிருமி மார்பில்லிவைரஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. மூச்சோடு மூச்சாக வெகுவேகமாகப் பரவும், அது பலம். தொற்றிய விலங்கு சாகும், அல்லது பிழைத்து ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தி பெறும். உடலுக்குள் ஒளிந்துகொண்டு பல ஆண்டுகள் கழித்து வெளிவரும் பழக்கம் இதற்கு இல்லை. அது பலவீனம். அடுப்பில் நெருப்பு அணையாமல் இருக்க விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா, அதுபோல இந்தக் கிருமி நீடிக்க, நோயே காணாத புதிய உடல்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். ஓயாமல் கன்று ஈனும், சந்தைக்குச் சந்தை கைமாறும் நாட்டு மாடுகளின் பெரும் தொகைதான் அதைத் தந்தது. மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்ததும் கிருமி தானே அணைந்தது.

நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையும் இதே குடும்பம்தான். வெக்கைக் கிருமியின் மூதாதை ஒன்றிலிருந்து அது பிரிந்தது. பெர்லினில் 1912இல் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரல் மாதிரி அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து கிருமியின் மரபணுவை மீட்டெடுத்த ஆய்வு 2020இல் வெளியானது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பிரிவு நடந்திருக்கலாம் என்று அது கணக்கிட்டது. தட்டம்மை தானாக நீடிக்கச் சில லட்சம் பேர் கூடி வாழும் ஊர் வேண்டும். பெருநகரங்கள் தோன்றிய காலமும் இந்தக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. நாம் மாட்டுக்கு நன்றி சொல்லிப் பொங்கல் வைக்கிறோம். மாட்டோடு பகிர்ந்துகொண்ட நோய்களின் பட்டியலும் அதே அளவு பழையது.

வெக்கை போன பிறகு செரங்கெட்டியில் நடந்ததைப் பாருங்கள். 1961இல் இரண்டரை லட்சம் சொச்சமாக இருந்த வைல்டுபீஸ்ட் 1977இல் 13 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை வாய்கள் மேய்ந்ததும் காய்ந்த புல் மிச்சம் இல்லாமல் போனது. புல் இல்லாததால் ஆண்டுதோறும் பரவிய காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் தப்பி வளர்ந்தன. மரங்கள் கூடியதும் அந்த நிலம் காற்றிலிருந்து எடுக்கும் கரிமம் வெளிவிடுவதைவிட அதிகமானது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான விலங்குகள் மாரா ஆற்றில் குதித்து நீந்துவதைக் காண உலகமே கூடுகிறதே, அந்தக் காட்சி இன்று நாம் பார்க்கும் அளவில் இருப்பதற்கு முதல் காரணம் மாட்டுத் தடுப்பூசி.

அந்தத் தடுப்பூசியின் தொடக்கம் இந்தியாவில். இமயமலையில் உள்ள முக்தேஸ்வரில் 1920களில் ஜே.டி.எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கைக் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றி மாற்றிச் செலுத்தினார். கிருமி ஆட்டுக்குப் பழகப் பழக மாட்டின் மீதான அதன் வீரியம் குறைந்தது. அந்த வழியைக் கென்யாவின் கபேட்டே ஆய்வகமும் பின்பற்றியது. பின்னர் அதே கென்யாவில் வால்டர் பிளவுரைட் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு இன்னும் பாதுகாப்பான தடுப்பூசியை உருவாக்கினார். உலகம் முழுக்க நோயை ஒழித்தது அதுதான். 2011இல் வெக்கை நோய் பூமியிலிருந்தே அகன்றதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் இது.

இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது தமிழ்நாட்டில், 1995இல், பழைய வட ஆற்காடு பகுதியில். 1932இல் தொடங்கப்பட்டுத் தடுப்பூசி தயாரித்துவந்த ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. மாடு மாடாகத் தேடிப்போய் ஊசி போட்ட கால்நடை உதவியாளர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நம் காடுகளும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன. 1968இல் பந்திப்பூரிலும் முதுமலையிலும் வெக்கை புகுந்தபோது காட்டெருமைகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. இன்று மசினகுடி சாலையில் வண்டியை நிறுத்திக் குழந்தைகள் கைகாட்டும் காட்டெருமைகள், அந்தச் சாவில் தப்பியவற்றின் வாரிசுகளும் பிறகு மெல்ல வந்து சேர்ந்தவற்றின் வாரிசுகளும்தான்.

சிங்கத்துக்கு வருவோம். 1994 தொடக்கத்தில் செரங்கெட்டியில் வெப்பக்காற்று பலூனில் பறந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள், கீழே ஓர் ஆண் சிங்கம் வலிப்பு வந்து துடிப்பதைக் கண்டார்கள். பலூன் சவாரி என்பது சொகுசு சஃபாரியின் உச்சம். விடியலில் புல்வெளிக்கு மேல் மிதந்து, இறங்கியதும் மேஜை போட்டுக் காலை உணவு. அப்படிப் போனவர்களின் கண்ணில்தான் அந்தக் கொள்ளைநோயின் முதல் அறிகுறி பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் ஆயிரம் சிங்கங்கள், அந்த வட்டாரத்தில் இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, இறந்தன. காரணம் கேனைன் டிஸ்டெம்பர் என்ற நாய் நோய். இதுவும் மார்பில்லிவைரஸ்தான், வெக்கைக்கும் தட்டம்மைக்கும் உடன்பிறப்பு. பூங்காவை ஒட்டிய ஊர்களில் அப்போது ஏறக்குறைய 30,000 வளர்ப்பு நாய்கள் இருந்தன.

ஆனால் நாய் நோய் மட்டுமே அத்தனை சிங்கங்களைக் கொன்றுவிடவில்லை. பழைய ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, அதற்கு முன்பும் டிஸ்டெம்பர் சிங்கங்களிடையே சத்தமில்லாமல் வந்து போயிருந்தது தெரிந்தது. 1994இல் மட்டும் என்ன வேறுபாடு? முந்தைய ஆண்டு கடும் வறட்சி. பசியில் மெலிந்த எருமைகளின் உடல் முழுக்க உண்ணிகள். விழுந்த எருமைகளைச் சிங்கங்கள் தின்றன, உண்ணிகள் சிங்கங்களின் மேல் ஏறின. உண்ணி வழியாகப் பரவும் பபேசியா என்ற ஒட்டுண்ணி சிங்கங்களின் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகியது. வழக்கமாக ஆரோக்கியமான சிங்கம் அதைச் சமாளித்துவிடும். அந்த நேரத்தில் டிஸ்டெம்பர் வந்து எதிர்ப்புச் சக்தியை முடக்கியது. வறட்சி, உண்ணி, நாய்க் கிருமி மூன்றும் ஒரே நேரத்தில் கூடியதே அந்தப் பேரிழப்பு என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. 2001இல் பக்கத்து நிகோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் இதே சேர்க்கை சிங்கங்களைக் கொன்றது. பருவநிலை மாறி வறட்சிகள் கடுமையாகும்போது கவலைப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி மட்டுமன்று.

இந்தியாவின் ஒரே சிங்கக் காடான குஜராத்தின் கிர் வனத்திலும் இது நடந்தது. 2018 செப்டம்பரில் கிர் கிழக்கின் தல்காணியா சரகத்தில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தன. புனே தேசிய வைராலஜி நிறுவனம் டிஸ்டெம்பரை உறுதிசெய்தது. அவசரமாக அமெரிக்காவிலிருந்து 300 தடுப்பூசிகள் தருவிக்கப்பட்டன. ஆசியச் சிங்கங்களின் எண்ணிக்கை 2020இல் 674, 2025இல் 891. உயர்வு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அத்தனையும் ஒரே மாநிலத்தின் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. கால்நடையும் நாயும் நிறைந்த ஊர்களுக்கு இடையே நடமாடுகின்றன. சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. இன்றுவரை ஒரு சிங்கமும் போகவில்லை. 2022 செப்டம்பரில் குனோவுக்கு வந்தவை நமீபியச் சிவிங்கிப்புலிகள். எல்லா முட்டைகளையும் ஒரே அடையில் வைத்திருக்கிறோம் என்பது மாநிலப் பெருமையைவிடப் பெரிய விஷயமாகத் தெரிய வேண்டும்.

வெக்கையை ஒழித்த வழி டிஸ்டெம்பருக்கு ஏன் பலிக்காது என்று கேட்கலாம். செரங்கெட்டியைச் சுற்றி ஆயிரக்கணக்கான நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நாய்களிடம் நோய் குறைந்தது. ஆனால் சிங்கங்களுக்குத் தொற்றுவது அடியோடு நிற்கவில்லை என்று பல ஆண்டுத் தரவுகளைக் கோத்த 2015 ஆய்வு கண்டது. வெக்கைக்கு மாடு என்ற ஒரே வீடு. டிஸ்டெம்பருக்கோ நாய், நரி, கழுதைப்புலி, கீரி, மரநாய் என்று வீடுகள் பல. ஒரு கதவை அடைத்தால் இன்னொன்று திறந்திருக்கும். அதற்காக நாய்த் தடுப்பூசி வீண் என்று ஆகாது. வரத்து குறையும், நாய்கள் பிழைக்கும், வெறிநோயும் சேர்ந்து கட்டுப்படும். அதைக்கொண்டே காட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று இருந்துவிட முடியாது, அவ்வளவே.

இனிப் பணம். மாசாய் மாரா தேசியக் காப்பகம் 1,510 சதுர கிலோமீட்டர். 2024 ஜூலை முதல், ஜூலை–டிசம்பர் பருவத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஒரு நாளைக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணம் மட்டும் 200 டாலர். நம் பணத்தில் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். கூடாரத் தங்கலின் கட்டணம் இதனினும் பல மடங்கு. காப்பகத்தைச் சுற்றி மாசாய் குடும்பங்களின் சொந்த நிலங்களைச் சுற்றுலா நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து நடத்தும் தனிக் காப்பகங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ஓலாரே மோட்டோரோகி 2006இல் தொடங்கியது. நில உரிமையாளருக்கு மாதாமாதம் பணம், நிலத்துக்கு வேலி இல்லை, குறிப்பிட்ட முறைப்படி மாடும் மேயலாம். சஃபாரிப் பணம் விலங்கோடு வாழ்பவர் கைக்குப் போய்ச் சேரும் வழிகளில் எனக்குத் தெரிந்தவரை இது உருப்படியான ஒன்று. மாடு மேய்ப்பவரின் தொழுவம் செழித்தால்தான் மாட்டுக்கு ஊசி போட அவருக்கு மனமும் வசதியும் இருக்கும். ஆனால் 2020இல் விமானங்கள் நின்றதும் பயணிகள் நின்றார்கள், குத்தகைப் பணம் தடுமாறியது. மனிதரிடம் வந்த ஒரு கிருமி, விலங்கைத் தொடாமலேயே, விலங்கின் நிலத்துக்கு வந்த வருமானத்தை அறுத்தது. எங்கோ இருக்கும் பணக்காரர்களின் விடுமுறையை மட்டும் நம்பிக் காட்டை நடத்துவதில் உள்ள ஆபத்து அன்று வெளிப்பட்டது. நோய்த்தடுப்புச் செலவாவது அரசின் நிலையான கணக்கில் இருக்க வேண்டும். அதைச் சுற்றுலாவின் கருணைக்கு விடக் கூடாது.

தொற்று நோயின் தன்மையைத் தாம்பரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். 1928இல் டேவிட் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. அதே காசநோய்க் கிருமியின் மாட்டு வகை, தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் எருமைகளிடம் 1990இல் கண்டுபிடிக்கப்பட்டது. பூங்காவின் எல்லையோர மாடுகளிடமிருந்து அது எருமைக்குப் போனது, எருமையைத் தின்ற சிங்கத்துக்கும் போனது. மெலிந்து, மூட்டு வீங்கி, மெல்ல மெல்லச் சாகும் சிங்கங்களை அங்கே பார்க்கிறார்கள். வெக்கை போல வந்து அடித்துவிட்டுப் போகும் நோயன்று இது. உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதனால் இதை விரட்டுவது இன்னும் கடினம்.

வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர், அதாவது சுமார் ஆறு சதுர கிலோமீட்டர். 1855இல் எட்வர்டு பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, நகருக்குள் இடம் போதாமல் 1985இல் இந்தப் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. அப்போது இது ஊருக்கு வெளியே. இப்போது ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலை, அருகே கிளாம்பாக்கம் பேருந்து முனையம், மறுபக்கம் கொளப்பாக்கமும் நெடுங்குன்றமும். இரை செழித்த சவானாவில்கூட ஒரு சிங்கக் கூட்டத்தின் ஆட்சிப் பரப்பு 20 சதுர கிலோமீட்டருக்குக் குறைவது அரிது. வறண்ட இடங்களில் பல நூறு சதுர கிலோமீட்டர். நம் பூங்கா முழுவதையும் ஒரே கூட்டத்துக்குக் கொடுத்தாலும் அந்தக் குறைந்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இது பூங்காவின் குறையன்று, நகரத்தின் நெருக்கம். இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் விலங்குகளுக்குப் பாதுகாப்பு வேலிக்கு வெளியேதான் தொடங்க வேண்டும். சுற்றியுள்ள தெருக்களின் நாய்களுக்குக் கருத்தடையின்போது வெறிநோய் ஊசி போடுகிறார்கள். அதோடு டிஸ்டெம்பர் ஊசியையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பூங்காவுக்கு மட்டுமன்று, நன்மங்கலம் காப்புக்காட்டின் கீரிக்கும் மரநாய்க்கும் அது தேவை. சாலையோரக் கடைகளின் இறைச்சிக் கழிவு நாய்களைக் காட்டோரம் கூட்டுவதை நிறுத்துவதும் நோய்த்தடுப்புதான்.

இதே ஜிஎஸ்டி சாலையில் வண்டலூரைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் விழுப்புரத்துக்கு அப்பால் அரசூர் வரும். 1987இல் அங்கே ஆடுகளிடையே ஒரு புது நோய் கிளம்பியது. காய்ச்சல், வாய்ப்புண், மூக்கில் சளி, கழிச்சல், சாவு. வெக்கையைப் போலவே இருந்தது, ஆனால் வெக்கையில்லை. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது அந்த ஊரில்தான். இதுவும் மார்பில்லிவைரஸ் குடும்பம். அரசூரில் எடுத்த கிருமியையே வீரியம் குறைத்து, அரசூர் 87 என்ற பெயரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. 2030க்குள் இந்த நோயையும் உலகிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. மாட்டைவிட ஆட்டில் இது கடினம். ஆடு சீக்கிரம் ஈனும், சீக்கிரம் விற்பனைக்குப் போகும். மந்தை மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஆண்டு போட்ட ஊசியின் பாதுகாப்பு அடுத்த ஆண்டு மந்தையில் பலவற்றுக்கு இருக்காது.

காடு இதில் எங்கே வருகிறது? மங்கோலியாவில் 2016 இறுதியில் ஆடு மாடு மேயும் புல்வெளியிலிருந்து இந்த நோய் சைகா மான்களுக்குப் பரவி ஆயிரக்கணக்கில் கொன்றது. ஈரானில் காட்டாடுகள் இறந்தன. செரங்கெட்டி வட்டாரத்தில் ஆப்பிரிக்க எருமைகளின் ரத்தத்திலும் கசெல் மான்களின் ரத்தத்திலும் இந்தக் கிருமி வந்துபோன தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நமக்கோ ஆட்டினத்தின் நெருங்கிய உறவான நீலகிரி வரையாடு இருக்கிறது. மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழாதது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303. 2023இல் தொடங்கிய நீலகிரி வரையாடு திட்டத்துக்கு அரசு 25.14 கோடி ரூபாய் ஒதுக்கியது. நோய் கண்டறிதலும் சிகிச்சையும் அந்தத் திட்டத்தின் பணிகளில் இருக்கின்றன. மலையடிவாரங்களில் கிடை போடும் ஆட்டு மந்தைகளுக்கு, ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கும் குட்டிகளையும் விடாமல், அரசூர் ஊசி போட்டு முடிப்பதையும் அதே திட்டத்தின் செலவாக எழுதிவிடலாம். ஊசி நம்மிடம் இருக்கிறது. கிடைகள் எங்கே இறங்குகின்றன என்பது அந்தந்த ஊர்க் கால்நடை மருந்தகங்களுக்குத் தெரியும்.